தலைநகரம் விழாத தீவு

டிரைவிங் மாஸ்டருக்கு இந்த உலகத்தில் அறவே பிடிக்காத மனுஷன் ஒருவர்தான். அந்த ஒருவரும் எங்கோ தொலைவில் இல்லை, அவர் வீட்டின் கீழ்த்தளத்திலேயே குடியிருந்தார். மனைவியின் அக்கா புருஷன். சகலை. இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களிடம் கிடையாது என்று சொல்வது அவருடைய உத்தியோகம். அதை வீட்டிலும் விடாமல் செய்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் விளையாடும் ஒரு வியூக விளையாட்டில் எப்போதோ முதல் பரிசு வாங்கியதிலிருந்து தெருவே அவரைச் சாம்பியன் என்று கூப்பிட்டது. சாம்பியன் நம் மாஸ்டருக்கு வைத்த பெயர் எல் போர்டு.

"என்ன எல் போர்டு, இன்னைக்கு எத்தனை பேரு சுவத்துல கொண்டு போய் முட்டினாங்க?" என்பார் சாம்பியன், படியேறுகிறவரை வழிமறித்து.

"யாரும் முட்டல சகலை. முட்டினா உங்க கம்பெனில ஒண்ணும் பேராதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு."

மற்ற வீடுகளில் குசலம் விசாரிப்பார்களே, அதற்குப் பதிலாக இந்த வீட்டில் இது.

வீடு அக்கா தங்கை இருவர் பெயரிலும் இருந்தது. கீழே அக்கா குடும்பம், மேலே தங்கை குடும்பம். யாரும் யாரையும் கிளப்ப முடியாது. பத்து வருஷமாக முறைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள்.

இப்போது அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரு தீவு. எட்டுப் பேர் வரை ஒன்றாக உட்கார்ந்து ஆடலாம். ஆளுக்கு ஒரு ஊர், அதற்கு ஒரு தலைநகரம், சுற்றிலும் வயல், கொஞ்சம் படைவீரர்கள். வயலை வளர்த்து, சாலை போட்டு, அடுத்தவரோடு கூடியோ மோதியோ பிழைக்க வேண்டும். ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன் யாராவது ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்தாக வேண்டும். தீவு பெரிதா சிறிதா, கொள்ளையர்கள் உண்டா இல்லையா, முதலில் எவ்வளவு தானியம், எத்தனை சுற்று கழித்துச் சண்டை. செட்டிங்ஸ் என்பார்கள். இரண்டு சகலைகளும் ஒருவர் குரல்வளையை ஒருவர் பிடிக்காத குறையாக நின்றது இந்தச் செட்டிங்ஸ் விஷயத்தில்தான்.

நூலகத்துக் கம்ப்யூட்டர் அறையில் சனிக்கிழமை மதியங்களில் புதியவர்களுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பை முதலில் நடத்தியவர் சாம்பியன். இருப்பதிலேயே சின்னத் தீவு, கொள்ளையர்கள் உச்சத்தில், கையில் பிடி தானியம் கிடையாது. "தோத்தாத்தான் கத்துக்குவாங்க" என்பது அவர் கட்சி. மாஸ்டரின் மனைவியும் ஆசை ஆசையாகப் போனாள். எந்தப் பொத்தானை அமுக்கினால் வயல் வரும் என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோதே கொள்ளையர்கள் வந்து அவள் தலைநகரத்தைக் கொளுத்திவிட்டார்கள். தலைநகரம் போனால் ஆள் அவுட். திரை சாம்பல் நிறமாகிவிடும். அந்தச் சாம்பலைப் பார்த்தபடி வகுப்பு முடியும்வரை மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். அடுத்த சனிக்கிழமை வகுப்பு நேரத்தில் துணி அலமாரியை மொத்தமாகக் கீழே தள்ளி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் வாசலில் நின்று பார்த்தார். சகலை மேல் இருந்த கோபம் அன்றைக்கு ஒரு படி ஏறியது.

சாம்பியனின் வகுப்பு ஆள் இல்லாமல் படுத்துவிட்டது. மாஸ்டர் போய் நூலகத்து மேடத்திடம் நான் நடத்துகிறேன் என்றார். மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மூணு சனிக்கிழமை தர்றேன். மூணாவது வாரம் நான் வந்து பார்ப்பேன். நாற்காலி பாதி காலியா கிடந்துச்சுன்னா ரூமை நடன வகுப்புக்குக் கொடுத்துடுவேன். அவங்க தினமும் வந்து என் உயிரை எடுக்கறாங்க."

மாஸ்டருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வகுப்பு நிலைக்க வேண்டும், அதில் ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். இவ்வளவுதான். ஆனால் ஒரு சிக்கல். எட்டுக் கம்ப்யூட்டரிலும் விளையாட்டு சாம்பியன் பெயரில்தான் பதிவாகியிருந்தது. அவர் வந்து திறந்தால்தான் திறக்கும், அவர் மூடினால் எல்லாருக்கும் மூடிக்கொள்ளும். வகுப்பில் பின்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன் என்ற நிபந்தனையோடு அவர் சம்மதித்தார். உதவி செய்ய இல்லை, வேடிக்கை பார்க்க.

முதல் சனிக்கிழமை மாஸ்டர் வைத்த செட்டிங்ஸைக் கண்டு சாம்பியன் சிரித்த சிரிப்பு வரவேற்பு மேஜை வரை கேட்டிருக்கும். பெரிய தீவு. ஒருவர் ஊருக்கும் இன்னொருவர் ஊருக்கும் நடுவே காடும் மலையுமாகத் தூரம். கொள்ளையர்கள் கிடையாது. களஞ்சியம் நிறையத் தானியம். முதல் வகுப்பு முழுக்க யாரும் யாரையும் தொடக்கூடாது.

"இது விளையாட்டா, முதியோர் இல்லமா?" என்றார் சாம்பியன்.

"ஆரம்பத்துலயே நெடுஞ்சாலைல கொண்டு போய் விடறவன் மாஸ்டர் இல்ல சகலை, கொலைகாரன்."

டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தப்புச் செய்யப்போகிறார் என்று தெரிந்ததுமே அவர் கால் அமுக்கிவிடும். வகுப்பிலும் அதே பழக்கம் வந்தது. யாராவது தவறான இடத்தில் வயல் போடக் கையை நகர்த்தினால் போதும், மாஸ்டர் தன் மேஜையில் இருந்த தனிக் கம்ப்யூட்டரிலிருந்து ஆட்டத்தையே நிறுத்திவிடுவார். எல்லாத் திரையும் உறைந்து நிற்கும். "அங்க வேணாம்மா, இந்தப் பக்கம்." மறுபடி ஓடும். மறுபடி நிற்கும். மருந்துக்கடை நடத்தும் அக்கா கொட்டாவி விட்டார். டைல்ஸ் ஒட்டும் அண்ணன் மட்டும் சந்தோஷமாகச் சாலை போட்டார், தோட்டம் போட்டார், சாலைக்கு இரண்டு பக்கமும் மரம் வைத்தார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கூப்பிட்டதற்காக வந்திருந்த மாஸ்டரின் மனைவி மூலைக் கம்ப்யூட்டரில் என்னவோ செய்துகொண்டிருந்தாள். யாருக்கும் யாரிடமும் எதுவும் தேவைப்படவில்லை. சண்டை இல்லாமல் முடிந்துவிட்டதே என்று மாஸ்டர் நெஞ்சு நிறைய வீட்டுக்கு வந்தார்.

இரண்டாவது சனிக்கிழமை சமாதானச் சுற்றுகள் முடிந்தன. அப்போதுதான் தெரிந்தது, முதல் வாரம் முழுக்கச் சும்மா இருந்த எல்லாரும் என்ன செய்திருக்கிறார்கள் என்று. தானியம் குவிந்து கிடந்தது, செய்வதற்கு வேறு வேலை இல்லை, எல்லாரும் படை சேர்த்திருக்கிறார்கள். கணக்கு டீச்சர் சேர்த்திருந்த படை திரையில் அடங்கவில்லை. சண்டை திறந்த சுற்றிலேயே எல்லாரும், சொல்லிவைத்தாற்போல, படையே இல்லாத ஒரே ஊர் மேல் போய் விழுந்தார்கள். டைல்ஸ் அண்ணன் ஊர். முதலில் நுழைந்தது மருந்துக்கடை அக்கா. மரங்கள் எரிந்தன. நிறுத்தும் பொத்தானை நோக்கி மாஸ்டர் பாய்வதற்குள் திரை சாம்பலாகிவிட்டது.

டைல்ஸ் அண்ணன் எழுந்தார். "நான் உங்க யாருக்காச்சும் ஏதாச்சும் பண்ணேனா?" என்று பொதுவாகக் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அவர் பின்னாலேயே, டீச்சர் படை போன வழியில் வயலைப் பறிகொடுத்த இன்னும் இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

சாம்பியன் பின்வரிசையிலிருந்து மெதுவாக நடந்து வந்தார். "நானாச்சும் வாசல்லயே சொல்லிட்டு அடிச்சேன். நீ சோறு போட்டு வளத்துட்டு அடிச்சிருக்கே."

சகலை சொன்னது சரி என்று மாஸ்டருக்கே தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவர் யாரையாவது குற்றம் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த மருந்துக்கடைக்காரம்மாவுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல."

"அவங்களை ஏன் சொல்றீங்க. நானும்தான் படை அனுப்பினேன்."

"நீயுமா?"

"பின்ன? போர் அடிச்சுதுங்க. ரெண்டு மணி நேரம் சுவத்தப் பார்த்துட்டு உக்காந்திருந்தவங்களுக்குக் கதவு தெறந்துச்சு."

"உனக்காகத்தானே அப்படி வெச்சேன்."

கத்தி நின்றது. "எனக்காக ஒண்ணும் வெக்காதீங்க. உங்ககிட்ட கத்துக்கிட்டவங்க எல்லாரும் நல்லாத்தான் ஓட்டறாங்க, நீங்க பக்கத்துல உக்காந்திருக்கற வரைக்கும். நானும் உங்ககிட்டதான் ஓட்டக் கத்துக்கிட்டேன். என்னைக்காச்சும் தனியா வண்டிய எடுத்திருக்கேனா?"

அவள் விடவில்லை.

"உங்க சகலை பயத்தை மட்டும் வெச்சாரு. நீங்க பயத்தை எடுத்தீங்க, கூடவே வேலையையும் எடுத்துட்டீங்க. நானும் எங்கக்காவும் இந்த வீட்ல தினமும் மல்லுக்கு நிக்கறோம். ஏன் ஒருத்தியும் பெட்டியக் கட்டல? மொட்டமாடில ஒரே தண்ணி டேங்க். மோட்டார் சுவிட்சு கீழ அவகிட்ட, குழாய் வால்வு மேல என்கிட்ட. அவ இல்லாம எனக்குத் தண்ணி இல்ல, நான் இல்லாம அவளுக்கு இல்ல. எவ்வளவு கத்தினாலும் யாரும் யாரையும் வெளிய தள்ள முடியாது. அதான் இத்தனை வருஷமா தைரியமா கத்தறோம்."

சொல்லிவிட்டு மறுபடி வெங்காயத்தை நறுக்கினாள். மாஸ்டர் அங்கேயே நின்றார். கண் எரிந்தது. வெங்காயம்தான் என்று வைத்துக்கொள்வோம்.

வாரம் முழுக்க அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் தனக்கென்று வாங்கிவைத்திருந்த ஒற்றையாள் பதிப்பில் அந்தச் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். சின்னத் தீவு. ஊர்கள் எல்லாம் ஒட்டி ஒட்டி. தீவுக்கு ஒரே ஒரு ஆறு, ஆற்றின் தலைமடையில் ஒரு மதகு. மதகு யார் ஊரில் வருகிறதோ அவர் மூடினால் கீழே எல்லாருக்கும் வயல் காயும். ரொம்ப நேரம் மூடினால் மூடியவர் வயலும் வெள்ளத்தில் போகும். கொள்ளையர்கள் வேண்டாம், மனுஷர்களே போதும். சண்டை முதல் சுற்றிலிருந்தே உண்டு. ஒன்றே ஒன்று மட்டும் நடக்காது. தலைநகரம் விழாது. வயலை இழக்கலாம், படையை இழக்கலாம், மானத்தைக்கூட இழக்கலாம். ஆனால் யாரும் ஆட்டத்தை விட்டு வெளியேற்றப்படமாட்டார்கள்.

இனி ஆள் வேண்டும். டைல்ஸ் அண்ணனைத் தேடிப் போனார். ஒரு புது வீட்டின் குளியலறையில் மண்டியிட்டு, ரப்பர் சுத்தியலால் டைல்ஸைத் தட்டிக்கொண்டிருந்தார் அவர். நிமிரவே இல்லை.

"கால எடுங்க சார். சிமென்ட்டு காயல."

மாஸ்டர் காலை எடுத்து வாசற்படியில் வைத்துக்கொண்டார். "வாங்கண்ணே. இந்தத் தடவ ஊரு போகாது."

"எனக்கு வேலை கெடக்கு."

"ஆளு போனா வகுப்பே போயிடும்ணே."

"போகட்டும். நல்ல மனுஷங்களா அங்க உக்காந்திருக்கீங்க?" சுத்தியல் நாலு தட்டுத் தட்டியது. பிறகு நின்றது. "அந்த மருந்துக்கடைக்காரம்மா வருதா?"

"வருவாங்க."

"அந்தம்மா ஊரை என் ஊருக்குப் பக்கத்துல வைப்பீங்களா? நடுவுல காடு மலையெல்லாம் இல்லாம, வரப்பு ஒட்டினாப்ல?"

"ஊரு எங்க வரணும்னு கம்ப்யூட்டர்தான் போடும். ஆனா தீவு சின்னது. எங்க வந்தாலும் கைக்கெட்டற தூரம்தான்."

"அப்ப வர்றேன்" என்றார் டைல்ஸ் அண்ணன். முகத்தில் அன்பு பொங்கியது என்று சொல்ல முடியாது. விட்டுப் போன மற்ற இருவரையும் இதே மாதிரிதான் பிடித்துவர முடிந்தது. மன்னிப்புக் கேட்டதற்கு யாரும் மசியவில்லை. பழி தீர்க்கலாம் என்றதும் மசிந்தார்கள்.

சாம்பியன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. படியில் குறுக்கே நின்றார்.

"தலைநகரம் விழாதுங்கறது சின்னப் பசங்களுக்கு வெக்கற செட்டிங்ஸ். என் பேருல இருக்கற விளையாட்டுல அதத் தொட விடமாட்டேன்."

"யாருக்காகச் சொல்றேன்னு புரிஞ்சுக்கங்க சகலை."

"புரியுது. தோக்கப் பயப்படறவங்களுக்காக."

மேல்படியிலிருந்து குரல் வந்தது. மாஸ்டரின் மனைவி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "பின்னாடி உக்காந்து பேசறது சுலபம் மாமா. ஒரு ஊரை எடுத்துக்கிட்டு எங்ககூட ஆடுங்களேன். இல்ல, சின்னப் பசங்க ஆட்டத்துல தோத்துட்டா தெருவுல தலை காட்ட முடியாதுன்னு யோசிக்கறீங்களா?"

சாம்பியனின் காது சிவந்தது. "நானா? உங்ககிட்டயா?" என்றார். அவ்வளவுதான், செட்டிங்ஸ் திறந்தது.

மூன்றாவது சனிக்கிழமை எட்டு நாற்காலியிலும் ஆள். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. ஊர்களைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. ஆற்றின் தலைமடையும் மதகும் மாஸ்டரின் மனைவிக்கு வந்தன. ஆற்றின் கடைமடை சாம்பியனுக்கு. டைல்ஸ் அண்ணனும் மருந்துக்கடை அக்காவும் நடுவில், எதிரெதிர்க் கரையில்.

"இது தற்செயலா?" என்றார் சாம்பியன்.

"சத்தியமா சகலை."

"உன் சத்தியத்துக்கு ஒரு ரூபா கூட இழப்பீடு தரமாட்டேன்."

முதல் சுற்றிலேயே டைல்ஸ் அண்ணன் மருந்துக்கடை அக்காவின் கரையோர வயலைப் பிடித்தார். "போன வாரம் எரிச்சதுக்கு" என்றார். "ஒரு மரத்துக்காகப் பழி வாங்கற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றார் அக்கா, வயலை மீட்டபடியே. "ஒரு மரமா? எண்ணிப் பார்த்தீங்களாம்மா?" அறை முழுக்க வாய்ச் சத்தம். கணக்கு டீச்சர் பக்கத்து ஊர்க்காரரிடம் "தம்பி, கால்வாய்ல கை வெச்சே, தொலைச்சுடுவேன்" என்றார். மூன்று வாரத்தில் டீச்சர் பேசிய முதல் பேச்சு அது. மாஸ்டருக்கு மனசு எகிறிக் குதித்தது.

சாம்பியன் சும்மாவா இருப்பார். ஆற்றோரமாகவே படையை ஓட்டிக்கொண்டு மேலே ஏறினார். வழியில் இருந்தவர்களின் வயலையெல்லாம் மிதித்துக்கொண்டு மாஸ்டரின் மனைவி ஊர் வாசலுக்கு வந்து நின்றார். தலைநகரத்தைத் தொட முடியாது. சுற்றியிருந்த வயல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மதகை மூடினாள்.

இரண்டு சுற்றில் கடைமடையில் சாம்பியன் வயல் பழுப்பானது. அவர் படைக்குப் போகும் தானியம் அந்த வயலிலிருந்துதான். நடுவில் இருந்தவர்களுக்கும் காய்ந்தது. அவள் வயல்களிலும் தண்ணீர் ஏறத் தொடங்கியது. எல்லாருக்கும் கேடு. மாஸ்டரின் கை தானாக நிறுத்தும் பொத்தான் மேல் போனது.

"கை வெக்காதீங்க" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மாஸ்டர் கையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தண்ணியத் தெற" என்றார் சாம்பியன்.

"யாருகிட்ட மாமா பேசறீங்க?"

"உன்கிட்டதான்."

"அப்ப கேக்கற மாதிரி கேளுங்க. எங்க வயலத் திருப்பிக் கொடுத்துட்டுக் கேளுங்க."

"சகலை, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

"நான் வாத்தியாருங்க" என்றார் மாஸ்டர். "ஆட்டத்துல இல்ல."

"சார், சீக்கிரம் கேட்டுத் தொலைங்க" என்றார் மருந்துக்கடை அக்கா. "உங்க கௌரவத்துக்கு எங்க பயிரு காயுது." டைல்ஸ் அண்ணன் "ஆமா" என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனார்கள்.

சாம்பியன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மவுஸை நகர்த்தினார். அம்புக்குறி வெளியேறும் பொத்தானுக்குப் போய் நின்றது. அவர் மூடினால் எட்டுத் திரையும் மூடிக்கொள்ளும். அது அறையில் எல்லாருக்கும் தெரியும். சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு நூலகத்து மேடம் உள்ளே வந்து நின்றார்.

யாரும் மேடத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் சாம்பியனின் விரலைப் பார்த்தார்கள்.

"போங்க சார்" என்றார் டைல்ஸ் அண்ணன். "நானும் அன்னைக்கு இப்படித்தான் எந்திரிச்சுப் போனேன். ஆனா எனக்கு ஊரே இல்ல. உங்களுக்கு ஊரு இருக்கு. இருந்தும் ஓடறீங்க."

"யாருய்யா ஓடறது?"

"அப்ப உக்காருங்க."

சாம்பியனின் விரல் அசையவில்லை. அவர் அந்த அறையில் ஒவ்வொரு முகத்தையும் வெறுத்தார். தெளிவாகத் தெரிந்தது. மாஸ்டரைப் பார்த்தபோது கூடுதலாகவே தெரிந்தது. பிறகு, எழுந்த வேகத்திலேயே, பொத்தென்று உட்கார்ந்தார். பிடுங்கிய வயல்களில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றே ஒன்று.

"ஒரு வயலுக்கு ஒரு சுத்துத் தண்ணி" என்றாள் அவள், மதகைக் கொஞ்சமாகத் திறந்து. "மிச்ச வயலு வந்தா மிச்சத் தண்ணி வரும்."

"கொள்ளைக்காரி."

"அவங்களைத்தான் உங்க சகலை எடுத்துட்டாரே மாமா."

மேடம் காலியாக ஒரு நாற்காலி தேடினார். உட்காரத்தான். இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மாஸ்டரின் காதருகே குனிந்தார்.

"இவங்க எல்லாரும் ஒருத்தரையொருத்தர் அடிச்சுக்குவாங்களா?"

"இல்ல மேடம். அடுத்த வாரம் வருவாங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"யாருக்கும் இன்னும் தீரல மேடம்."

மேடம் பெருமூச்சு விட்டார். "நடன வகுப்புக்காரங்களை வேற எடம் பாக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். மாஸ்டருக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. உட்கார நாற்காலி இல்லாததால் நின்றார்.

வகுப்பு முடிந்தும் யாரும் கலையவில்லை. தெருவில் நின்று கரையோர வயல் யாருடையது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். சாம்பியன் மட்டும் விடுவிடுவென்று முன்னால் நடந்தார். வீட்டு வாசலில் திரும்பி, "அடுத்த வாரம் குலுக்கிப் போடும்போது உன் பக்கத்துல நின்னு பாப்பேன்டா, எல் போர்டு" என்றார்.

"பாருங்க சகலை."

"பாப்பேன்."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மாஸ்டர் மேலே வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வழக்கம்போலத் தன் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தார். மனைவி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராக வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்து ஆட்டினாள்.

"எந்திரிங்க."

"ஏன்?"

"மதகை எவ்வளவு நேரம் மூடினா எங்க வரைக்கும் வெள்ளம் ஏறுதுன்னு பாக்கணும். மாமா அடுத்த தடவ அதத்தான் கணக்குப் போட்டுட்டு வருவாரு."

அவர் எழுந்தார். அவள் உட்கார்ந்தாள். தீவைத் திறந்தாள். ஆற்றைத் தேடினாள். தப்பான இடத்தில் ஒரு வயல் போட்டாள். அவர் வாயைத் திறந்தார்.

"பின்னாடி நிக்காதீங்க" என்றாள் அவள். "மூச்சு கழுத்துல படுது."